ஒன்றரைத் துளை

ஒன்றரைத் துளை போட்டதும் டிரில் நின்றுவிட்டது.

முதல் துளை ஒழுங்காகத்தான் விழுந்தது. இரண்டாவதில் பாதி ஆழம் போனபோது அதன் குரல் கம்மியது. பிறகு சொல்ல வந்ததை மறந்த ஆள் மாதிரி, மூக்கைச் சுவருக்குள் நீட்டியபடி அப்படியே நின்றது. தச்சர் பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சுட்டது. காலையில் மூன்று மணி நேரம் சார்ஜ் ஏற்றிய பேட்டரி.

"என்ன தம்பி, வண்டி மேட்டுல நின்னுடுச்சா?" என்றார் பஸ் டிரைவர்.

அவர் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் துவண்டு, இந்த மருத்துவமனையின் நடைப்பயிற்சிப் பிரிவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் போய் உட்காருவார்கள். இவர் மட்டும் எங்காவது வேலை நடந்தால் அங்கே போய்விடுவார்.

"பேட்டரி செத்துடுச்சுண்ணே."

"எத்தனை ஓட்டை போட்டே?"

"ஒன்றரை."

"மொத்தம் எத்தனை?"

"எழுபத்திரண்டு."

டிரைவர் அந்த நீளமான சுவரை ஒரு தடவை பார்த்தார். "அப்ப அந்தப் பேட்டரிக்குத் துணையா நானும் போயிடுவேன்."

தச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது மீட்டர் தாழ்வாரம். வலது சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டும். கம்பியைத் தாங்க இருபத்து நான்கு பிராக்கெட், ஒவ்வொன்றுக்கும் மூன்று துளை. டிரைவரின் வலது கை நன்றாக இருந்தது. பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தால் கால் பழகிவிடும் என்று பயிற்சியாளர் அம்மா சொல்லியிருந்தார். ஆறு வாரம் கழித்து டாக்டர் வந்து பார்ப்பார். டிரைவர் யாரும் தாங்காமல் இருபது மீட்டர் நடந்தால் மகள் வீட்டுக்கு அனுப்புவார்கள். நடக்காவிட்டால் பின்கட்டிடத்தில் இருக்கும் நீண்டகாலப் பிரிவு. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததைத் தச்சர் பார்த்ததில்லை. மகளைக் குறை சொல்ல முடியாது. அவள் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவாள். அப்பா கழிப்பறைக்காவது தனியாகப் போய்வர வேண்டும்.

தச்சர் புது டிரில்லுக்கு விண்ணப்பம் எழுதினார். இரண்டு வரி. "சுவரில் கம்பி பொருத்த, நம்பகமான பேட்டரி டிரில் ஒன்று, பேட்டரி இரண்டு, சார்ஜர் ஒன்று தேவை."

அதில் 'நம்பகமான' என்ற சொல்லை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று பின்னாளில் பலமுறை நினைத்துக்கொண்டார்.

*

ஒரு வாரத்தில் 'கம்பியில்லா மின்கருவிகள் நம்பகத்தன்மைத் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், நிர்வாக அதிகாரி. உறுப்பினர்கள் இருவர்: கொள்முதல் அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி. தச்சர் 'பயனர் சாட்சி'. அவர் வரலாம், உட்காரலாம், கேட்டால் பேசலாம், ஓட்டுப் போட முடியாது.

குழுவின் முதல் வேலை, பழைய டிரில்லுக்கு மரணச் சான்று வழங்குவது. பழையது உயிரோடு இருந்தால் புதியது வாங்க முடியாதாம். பாதுகாப்பு அதிகாரி அதை மேசையில் கிடத்திப் பார்த்துவிட்டு, 'முற்றிலும் செயலிழந்தது, துளையிட இயலாதது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், ஒன்றரை துளை போடும் சார்," என்றார் தச்சர்.

"அதை எழுதினா புதுசு வராதுப்பா."

புதியது வந்ததும் பழையதை ஒப்படைக்க வேண்டும், அதுவரை அவரிடமே இருக்கட்டும் என்றார்கள்.

பிறகு தலைவர் எழுந்து பேசினார். அவர் எப்போதும் எழுந்துதான் பேசுவார். மூன்று பேர் இருந்தாலும்.

"நான் இந்த நிர்வாகத்துக்கு வந்து பத்தொன்பது வருஷம். இத்தனை வருஷத்துல நான் தேர்ந்தெடுத்த எந்தப் பொருளும் பழுதாச்சுன்னு ஒரு புகார் வந்ததில்ல. காரணம், நான் எதையும் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுத்ததில்ல. நோயாளிகளுக்குச் சாய்வுக் கட்டில் வேணும்னு கேட்டாங்க. ஆறு வருஷம் ஆராய்ஞ்சோம். இன்னிக்கு வரைக்கும் அதுல ஒரு கட்டில்கூட உடையல."

அந்தக் கட்டில்கள் இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடங்கில் இருப்பது தச்சருக்குத் தெரியும். போன மாதம்தான் அவற்றின் மேல் புது நெகிழித் தாள் போர்த்திவிட்டு வந்திருந்தார்.

"சார், ஆறு வாரத்துல கம்பி போடணும்," என்றார். "ஒருத்தர் நடக்கணும் சார்."

"அவர் நடக்கறதுக்காகத்தானேப்பா நாங்க உட்கார்ந்திருக்கோம்."

தச்சரின் விரல்கள் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருந்தன. வேறு வழிகளை அவர் ஏற்கெனவே யோசித்துவிட்டார். அந்தத் தாழ்வாரத்தில் பிளக் பாயின்ட் கிடையாது. அடுத்த அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தால் சாதாரண டிரில்லே போதும். ஆனால் எக்ஸ்டென்ஷன் வயரில் ஒரு சிறப்பு விருந்தினரின் செருப்பு மாட்டிக்கொண்ட நாளிலிருந்து அதற்குத் தடைச் சுற்றறிக்கை இருந்தது. கையால் ஸ்க்ரூ டிரைவர் திருப்பவும் ஒரு சுற்றறிக்கை: ஒரு வேலையில் பத்து ஸ்க்ரூவுக்கு மேல் போனால் மணிக்கட்டு நலன் பாதிக்கப்படும், அனுமதி பெற்ற மின்கருவியையே பயன்படுத்த வேண்டும். வீட்டில் அவருடைய சொந்த டிரில் இருந்தது. இரண்டு பேட்டரி. ஒரு பேட்டரிக்கு நாற்பது துளை. ஒருநாள் அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். வாசலில் காவலாளி பையைத் திறந்தார்.

"இது என்னண்ணே?"

"டிரில்."

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?"

"நான் இங்க தச்சர்ப்பா. தினம் என்னைப் பார்க்கறியே."

"உங்களை உள்ள விடலாம். இதுக்கு அடையாள அட்டை இல்லையே."

டிரில் வீட்டுக்குத் திரும்பியது. அன்று சாப்பிடும்போது தட்டின் ஓரத்தையே தட்டிக்கொண்டிருந்த விரல்களை மனைவி பிடித்து நிறுத்தினாள். "என்ன, கைக்குள்ள எதையாவது ஓடவிட்டு வச்சிருக்கீங்களா?"

அவர் கையை விடுவித்துச் சோற்றைப் பிசைந்தார். அவள் ரசம் ஊற்றினாள். அவர்கள் வீட்டில் பல விஷயங்கள் அப்படித்தான் பேசி முடிக்கப்படும்.

*

இரண்டாவது கூட்டத்தில் கொள்முதல் அதிகாரி ஒரு கோப்பைத் திறந்தார்.

"விதிப்படி டிரில் ஒரு நிரந்தரச் சொத்து. பேட்டரி தீர்ந்துபோற பொருள். சார்ஜர் மின்சாதனம். மூணும் மூணு தலைப்பு. ஒரே கோப்புல போக முடியாது."

"ரொம்பச் சரி," என்றார் தலைவர். "மூணு துணைக்குழு போடுவோம். டிரில்லை நான் பார்க்கறேன். பேட்டரி நீங்க. சார்ஜர் பாதுகாப்பு அதிகாரி. ஒவ்வொண்ணுலயும் சந்தையிலேயே சிறந்தது எதுவோ அதை எடுப்போம். மூணு சிறந்தது சேர்ந்தா என்ன வரும்?"

"மிகச் சிறந்தது வரும் சார்," என்றார் பாதுகாப்பு அதிகாரி.

தச்சர் கையைத் தூக்கினார். கேட்காமலே பேசினார். "சார், அப்படி ஆகாது. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி டிரில்லுல நுழையாது. அடியில பேட்டரி நுழையற பள்ளம் இருக்கே, அந்தக் காடியே வேற மாதிரி இருக்கும். சார்ஜரும் அப்படித்தான். எந்தக் கம்பெனியா இருந்தாலும் பரவால்ல, மூணையும் ஒரே இடத்துல வாங்கிடுங்க."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே கம்பெனிக்கு மூணையும் கொடுக்கச் சொல்றீங்க."

"ஆமா சார்."

"எந்தக் கம்பெனி?"

"எதுன்னாலும் சார்."

"எதுன்னாலும்னு சொல்றது ரொம்ப சாமர்த்தியமான பதில்," என்றார் கொள்முதல் அதிகாரி. குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். தச்சர் எட்டிப் பார்த்தார். 'பயனர் சாட்சி ஒரே நிறுவனத்துக்குச் சாதகமாகப் பேசினார். நிறுவனத்தின் பெயரை மறைக்கிறார்.'

வெளியே வந்ததும் அவர் நேராகத் தாழ்வாரத்துக்குப் போனார். நடந்ததையெல்லாம் டிரைவர் கேட்டார். எதிரே வெற்றுச் சுவர். அதில் ஒன்றரைத் துளை.

"பஸ் டயர் ஒருத்தன், வீல் இன்னொருத்தன்," என்றார் கடைசியில். "நல்ல வேளை, இவங்க யாரும் எங்க டிப்போவுக்கு வரல." பிறகு கேட்டார், "அந்தச் செத்துப்போனது உங்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"ஒரு சார்ஜுக்கு ஒன்றரை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சார்ஜ் ஏத்தலாம்?"

"ரெண்டு."

"அப்ப மூணு ஓட்டை. ஒரு நாளைக்கு ஒரு பிராக்கெட். இன்னும் இருபத்தெட்டு வேலை நாள் இருக்கு. நாலு நாள் மிச்சம். ஸ்பேர் பஸ்ஸெல்லாம் இப்படித்தான் தம்பி ஓட்டுவோம். போய்ச் சேருமான்னு யோசிக்க மாட்டோம். அடுத்த ஸ்டாப் வரைக்கும் போகுமான்னு பார்ப்போம்."

*

அன்றிலிருந்து தச்சருக்கு இரண்டு வேலை. செத்துப்போன டிரில்லால் துளை போடுவது. துளை போடும் டிரில்லைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் உட்காருவது.

காலை ஒன்றரை, மாலை ஒன்றரை. காலையில் விட்ட அரைத் துளையை மாலையில் பிடித்து முடிப்பார். ஸ்க்ரூவை, சுற்றறிக்கைக்குத் தெரியாமல், கையாலேயே திருப்புவார். பேட்டரி சூடாக இருக்கும்போது சார்ஜில் போடக் கூடாது என்பதால் அதை ஜன்னல் கல்லில் ஆறவைப்பார். காலையில் குளிர்ந்து விறைத்திருந்தால் அது இன்னும் சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் டிரைவர் அதை வாங்கித் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்வார். பயிற்சியாளர் அம்மா ஒருநாள் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"ஐயா, இது என்ன?"

"என் ரெண்டாவது இதயம் டீச்சரம்மா. இதுவும் வீக்குதான்."

அந்த அம்மா போர்வையை மறுபடி மூடினார். மறுநாளிலிருந்து துளை போடும் நேரத்தில் தாழ்வாரத்தின் கதவைச் சாத்தி, 'பயிற்சி நடைபெறுகிறது' என்ற பலகையை மாட்டினார். பொருத்திய வரைக்கும் கம்பியைப் பிடித்து டிரைவர் நடந்தார். முதல் வாரம் ஐந்து மீட்டர். கம்பி முடியும் இடத்தில் நின்று, மிச்சச் சுவரை முறைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்காருவார்.

துணைக்குழுக்களும் உழைத்தன.

பேட்டரித் துணைக்குழு ஐந்து கம்பெனி பேட்டரிகளைக் கொள்முதல் அதிகாரியின் அறையில் ஒரு தட்டில் அடுக்கியது. தினமும் பதினொரு மணிக்கு அதிகாரி ஒவ்வொன்றின் பொத்தானையும் அழுத்துவார். நான்கு விளக்கும் எரிகிறதா என்று பார்த்து எழுதுவார். மூன்று வாரமும் எல்லாவற்றிலும் நான்கு விளக்கும் எரிந்தன.

"வேலை செய்ய வச்சுப் பாருங்க சார்," என்றார் தச்சர்.

"வேலை செஞ்சா சார்ஜ் குறையும்பா. குறைஞ்ச பேட்டரியை வச்சு அதோட நம்பகத்தன்மையை எப்படி அளக்கறது? அது நியாயமில்ல." கடைசியில் அவர் இருபது வோல்ட் என்று எழுதியிருந்த பேட்டரியைத் தேர்ந்தெடுத்தார். மற்றவை பதினெட்டு.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். ஒருத்தர் முழுசா ஏறினப்ப அளந்து எழுதறார். இன்னொருத்தர் ஓடும்போது அளந்து எழுதறார். எத்தனை ஆம்பியர் ஹவர்னு பாருங்க, அதுதான் எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்லும்."

"ஆக, ஓடும்போது குறையுதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க," என்றார் அதிகாரி திருப்தியோடு.

சார்ஜர் துணைக்குழுவுக்கு வேறு கவலை. பேட்டரியைச் செருகினால் எல்லாச் சார்ஜரும் சூடானது. சூடு ஆபத்து. ஆகவே பேட்டரி இல்லாமல் சோதித்தார்கள். ஒரு சார்ஜர் ஒன்பது நாள், இரவும் பகலும், எதையும் சார்ஜ் செய்யாமல் பச்சை விளக்கோடு குளிர்ச்சியாக இருந்தது. பாதுகாப்பு அதிகாரி அதைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளவு பொறுப்பான பொருள்," என்றார்.

டிரில்லைத் தலைவரே சோதித்தார். கம்பெனிக்காரர் இரவலாகக் கொண்டுவந்த பேட்டரியை மாட்டிக் கொடுத்தார். சுவரைத் துளைத்தால் நோயாளிகளுக்குத் தொந்தரவு என்பதால் காற்றைத் துளைத்தார்கள். இருபது நிமிடம் தலைவர் தன் அறையின் நடுவில் நின்று, டிரில்லை வெறும் வெளியில் நீட்டிப் பிடித்திருந்தார்.

"பார்த்தீங்களா? ஒரு நிமிஷம்கூடத் திணறல."

தச்சர் அந்தக் காற்றைப் பார்த்தார். இவர்கள் முட்டாள்கள் இல்லை என்பதுதான் அவரை அதிகம் தொல்லை செய்தது. மூன்று பேரும் படித்தவர்கள், நேரத்துக்கு வருபவர்கள், கையூட்டு வாங்காதவர்கள். ஒரு துளையைத் தவிர எல்லாவற்றையும் பொறுப்போடு செய்தார்கள்.

ஐந்தாம் வாரம் பழைய பேட்டரி ஒன்றரையிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. டிரைவர் சொன்ன நான்கு நாள் மிச்சமும் கரைந்தது. பிறகு ஒன்றிலிருந்து முக்கால். தச்சர் வீட்டில் தூங்காமல் புரண்டார். மூன்று தடவை முக்கால் முக்காலாகப் போட்டால் எத்தனை துளை என்று கூரையைப் பார்த்தபடி கணக்குப் போட்டார். டாக்டர் வரும் நாளுக்கு முந்தைய மாலை, கடைசிப் பிராக்கெட்டின் முதல் துளையை முடித்ததும் டிரில் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. அதன் பிறகு எவ்வளவு நேரம் சார்ஜில் போட்டாலும் அசையவில்லை. பாதுகாப்பு அதிகாரி எழுதிய சான்று கடைசியில் உண்மையாகிவிட்டது.

எழுபது துளை. இரண்டு பாக்கி. கடைசிப் பிராக்கெட் ஒரே ஸ்க்ரூவில் நின்றது. தச்சர் அதைப் பிடித்து முழு எடையோடு தொங்கினார். ஆடவில்லை. மறுபடியும் தொங்கினார்.

"போதும் இறங்கு," என்றார் டிரைவர். "நான் உன்ன மாதிரி குண்டு இல்ல."

*

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் வந்தார். அதே பத்து மணிக்கு, அதே தாழ்வாரத்தில், புதிய கருவியின் தொடக்க நிகழ்ச்சியையும் தலைவர் வைத்திருந்தார். முதல் துளையை அவரே போடுவதாக ஏற்பாடு.

அதிகாரிகள் மூவரும் வலது சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள். எதிரே ஒரு மேசையில் டிரில், பேட்டரி, சார்ஜர். டாக்டரும் டிரைவரும் தாழ்வாரத்தின் மறுமுனையில் காத்திருந்தார்கள். மகள் வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

தலைவர் பேசினார். பேசும்போது சாய்ந்துகொள்ள ஒன்று தேவைப்பட்டது. வலது கையைக் கைப்பிடிக் கம்பியின் மேல் வைத்துக்கொண்டார்.

"இந்தச் சுவர் ஆறு வாரமா ஒரு கம்பிக்காகக் காத்திருக்கு," என்றார் கம்பியைத் தட்டியபடி. "அவசரப்பட்டிருந்தா ஏதோ ஒரு டிரில்லை வாங்கி, ஏதோ ஒரு கம்பியைப் போட்டிருப்போம். இன்னிக்கு அது இருந்திருக்கும். ஆனா நம்பகமா இருந்திருக்குமா?"

கொள்முதல் அதிகாரியும் பாதுகாப்பு அதிகாரியும் கம்பியில் முழங்கையை ஊன்றியபடி, இருக்காது என்று தலையாட்டினார்கள்.

தலைவர் ஒரு கையால் டிரில்லை எடுத்தார். மறுகையால் பேட்டரியை எடுத்து அடியில் செருகினார். நுழையவில்லை. திருப்பிச் செருகினார். அப்போதும் நுழையவில்லை. கொள்முதல் அதிகாரி வாங்கி முயன்றார். பாதுகாப்பு அதிகாரி, முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டுமோ என்னவோ என்று பேட்டரியைச் சார்ஜரில் வைத்தார். அதிலும் உட்காரவில்லை. சார்ஜர் குளிர்ச்சியாக, பச்சையாக எரிந்தது.

மூன்று பேரும் தச்சரைப் பார்த்தார்கள். தச்சர் தரையைப் பார்த்தார்.

மறுமுனையில் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயா, ஆரம்பிக்கலாமா?"

டிரைவர் எழுந்தார். வலது கை கம்பியைப் பிடித்தது. முப்பத்தோரு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை; எதைப் பிடித்தாலும் அதை நம்பிவிடும். இடது காலை இழுத்தார், வைத்தார். கால் தரையில் உரசும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பத்து மீட்டர். பன்னிரண்டு. பாதுகாப்பு அதிகாரியின் முழங்கை குறுக்கே இருந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க சார்," என்றார் டிரைவர் மூச்சு வாங்க. "வண்டி வருது."

பாதுகாப்பு அதிகாரி முழங்கையை எடுத்தார். கொள்முதல் அதிகாரி எடுத்தார். தலைவர் தன் கையை எடுத்துவிட்டு, அது இதுவரை எதன் மேல் இருந்தது என்று முதல்முறையாகப் பார்த்தார்.

டிரைவர் கடைசிப் பிராக்கெட்டைத் தாண்டி முனையில் இருந்த சுவரைத் தொட்டார். அங்கேயே நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். மகள் ஓடிப்போய் அப்பாவைப் பிடிக்கவில்லை. பிடித்தால் கணக்கில் சேராது என்று பயந்து, இரண்டடி தள்ளி நின்றே அழுதாள். டாக்டர் தாளில் எழுதினார்: 'வீடு.'

*

அன்று மதியமே குழு அவசரமாகக் கூடியது.

"பழைய டிரில் துளையிட இயலாததுன்னு சான்று இருக்கு," என்றார் தலைவர். "புது டிரில் இன்னும் ஓடல. ஆக, இந்த எழுபது துளையும் எதால போட்டது?"

"பழைய டிரில்லால சார்."

"அது முடியாது. கையெழுத்து இருக்கு."

கம்பியின் நம்பகத்தன்மைக்கு ஆவணம் இல்லாததால் அதை உடனே அகற்ற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. இனி நூற்றுக்கணக்கான நோயாளிகள் அந்தத் தாழ்வாரத்தில் நடக்க வரவிருந்தார்கள். தச்சரின் விரல்கள் தட்டுவதை நிறுத்தின.

"எதால அகற்றணும் சார்?" என்று கேட்டார்.

கொள்முதல் அதிகாரி சுற்றறிக்கையைப் புரட்டினார். எழுபது ஸ்க்ரூ. பத்துக்கு மேல். கையால் திருப்பக் கூடாது. அனுமதி பெற்ற மின்கருவியால் மட்டுமே. அனுமதி பெற்ற மின்கருவி மேசையில் இருந்தது, தன் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி.

தலைவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பேட்டரிக்கும் டிரில்லுக்கும் நடுவுல பொருத்தற இணைப்புத் துண்டு ஒண்ணைத் தேர்ந்தெடுப்போம். அதுவரைக்கும் கம்பி இருக்கட்டும்."

நான்கு மாதம் கழித்து ஒரு துண்டு வந்தது. இந்த முறை தச்சரைக் குழு உறுப்பினராக்கியிருந்தார்கள், ஓட்டும் உண்டு. தலைவர் துண்டை அவரிடம் நீட்டினார். "நீங்கதான் தொழில் தெரிஞ்சவர். சொல்லுங்க."

தச்சர் அதைப் பேட்டரியின் மேல் வைத்து லேசாகத் தள்ளினார். காடிக்குள் அழகாக நுழைந்தது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். டிரில் உயிர் பெற்றால் அந்தக் கடைசி இரண்டு துளையைப் போட அவருக்கு ஐந்து நிமிடம் போதும். எழுபது ஸ்க்ரூவைக் கழற்ற அரை மணி நேரம் போதும். எது முதலில் நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் துண்டை வெளியே இழுத்தார். மேசையில் வைத்தார். எழுந்து நின்றார்.

"அவசரப்பட வேண்டாம்னு நினைக்கறேன் சார். இதோட நம்பகத்தன்மையை இன்னும் ஆழமா ஆராயணும்."

தலைவரின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக அவர் தச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வேலை முடிந்து போகும்போது தச்சர் தாழ்வாரம் வழியாகத்தான் போவார். யாரோ ஒரு பெண்மணி, யாரோ ஒரு கிழவர், கம்பியைப் பிடித்து நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் திரும்பிப் போகும்வரை சுவரோரமாக நிற்பார். பிறகு கடைசிப் பிராக்கெட்டைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். ஆடாது. வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் ஆட்டிப் பார்ப்பார்.